சுசோவுக்கு வேலைக்குப் போறேன்: பினாங்கு, பிறையிலிருந்து கிளம்புற அந்த ஒரு நாளை எப்படிச் சமாளிக்கிறது?

பிறைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டு நடுவுல சீனா போறேன். சுசோவுல ஒரு அனைத்துலகப் பள்ளியில கணிதம் சொல்லிக்கொடுக்கிற வேலை. சான்றிதழ்களுக்கு விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு), தூதரகம்னு அலைஞ்சு முத்திரை வாங்கியாச்சு, விசாவும் கைக்கு வந்தாச்சு. அந்தப் புராணத்துக்கு இங்க ஏற்கெனவே தனி இழை ஓடுது. எனக்குப் பயண நாளைப் பத்தி மட்டும்தான் கேக்கணும்.

பள்ளி எடுத்துக் கொடுத்த டிக்கெட் கேஎல்லிருந்து (கோலாலம்பூர்) ஷாங்காய் புடோங் வரைக்கும்தான். வெள்ளிக்கிழமை விடியற்காலை 1.15க்கு விமானம், 6.40க்கு இறங்குது. பிறையிலிருந்து கேஎல்ஐஏ (கேஎல் விமான நிலையம்) போய்ச் சேர்றது என் பாடு. புடோங்ல இருந்து சுசோவுக்கு "டிரைவர் வருவார்"னு மின்னஞ்சல்ல ஒரே ஒரு வரி. அன்னிக்கே மதியம் 2 மணிக்குப் புது ஆசிரியர் கூட்டமும் வச்சிருக்காங்க.

மூணு வழி யோசிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு, பாயான் லெப்பாஸ் (பினாங்கு விமான நிலையம்) போய் மலிவு விமானத்துல கேஎல். ரெண்டு, பட்டர்வொர்த்துல ஈடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எக்ஸ்பிரஸ் ரயில். மூணாவது அப்பாவோட வழி: வேன் எடுத்து மாமா, சித்தி குடும்பம் எல்லாம் சேர்ந்து கேஎல்ஐஏ வரைக்கும் வந்து வழியனுப்பிட்டுத் திரும்புறது. அம்மா புளிச்சாதத்துக்குக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொண்ணு. விசாவுல தங்கும் காலம் "000 நாள்"னு அச்சாகியிருக்கு. தப்பா அடிச்சுட்டாங்களா? ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

செந்தூல் மணியம்:

தங்கச்சி, நான் கேஎல்ஐஏவுக்கு வாடகைக்கார் ஓட்டுறவன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். வெள்ளி விடியற்காலை 1.15னா நீ விமான நிலையத்துல நிக்க வேண்டியது வியாழன் ராத்திரி. சிரிக்காதே. வெள்ளிக்கிழமை ராத்திரி பெட்டியைத் தள்ளிக்கிட்டு வந்து கவுண்டர்ல அழுதவங்களை நான் ஏத்திக்கிட்டுத் திரும்பியிருக்கேன்.

மலிவு விமானம் உன்னை முனையம் 2ல இறக்கும். ஷாங்காய் விமானம் முனையம் 1ல இருந்தா பெட்டியை எடுத்து, ரயில் ஏறி, மறுபடி மேல போகணும். ரயில் 3 நிமிஷம், 2 வெள்ளி (ரிங்கிட்) தான். ஆனா ரெண்டு பெரிய பெட்டியோட மின்தூக்கி தேடுறது இருக்கே, அதுலயே பாதி உயிர் போயிடும். ரெண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது விமானம் உனக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்ப வராது. மெயின்லேண்டுல இருக்கிற நீ சாயங்காலம் பாலத்துல நெரிசலைத் தாண்டித் தீவுக்குப் போய் விமானம் ஏறணும்ங்கிறதையும் யோசிச்சுக்கோ.

முதல் வழியை அடிச்சுடு.

ரவாங் குமார்:

சீனாவுக்குத்தான் நமக்கு விசாவே வேண்டாமே? 2025 ஜூலை 17லிருந்து ரெண்டு நாட்டுக்கும் 30 நாள் இலவசம். சும்மா போய் இறங்கி அங்க மாத்திக்கிறதுதானே?

கிள்ளான் சேகர்:

குமார், அந்த 30 நாள் சுத்திப் பார்க்க, வியாபாரம் பேச, சொந்தக்காரங்களைப் பார்க்க. சம்பளம் வாங்கி வேலை பார்க்க இல்லை. வேலைக்கு இசட் விசாதான். "முதல்ல வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொல்ற பள்ளி இருந்தா அந்தப் பள்ளிக்கே போகாதீங்க.

டீச்சர், 000 பார்த்துப் பயப்படாதீங்க. இசட் விசாவுல அப்படித்தான் வரும். எத்தனை நாள் தங்கலாம்னு விசா தீர்மானிக்கிறதில்லைன்னு அர்த்தம். உள்ளே நுழைஞ்ச 30 நாளுக்குள்ள வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கணும். அது கையில வந்த பிறகு அதுல இருக்கிற தேதிதான் கணக்கு. பொதுவா அந்த விசா ஒரே நுழைவுக்கு மட்டும். அதனால அனுமதி வர்றதுக்கு முன்னாடி வார இறுதிக்கு ஹாங்காங் போய்ட்டு வரலாம்னு யார் கூப்பிட்டாலும் போயிடாதீங்க. வெளியே வந்தா அந்த விசாவுல திரும்ப நுழைய முடியாது.

இனி பயண நாள். நான் சுசோ இருக்கிற ஜியாங்சு மாகாணத்துல சில வருஷம் வேலை பார்த்தவன். பலபேர் வர்றதையும் பார்த்திருக்கேன். என் அனுபவத்துல விமானத்துக்குள்ள யாருக்கும் எதுவும் ஆகிறதில்ல. உட்கார்ந்தா அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துடும். ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு நீங்க மாறுற இடங்கள்தான் சிக்கல்: வீட்டிலிருந்து கேஎல்ஐஏ, புடோங்ல வெளியே வந்ததும் டிரைவர், டிரைவரிடமிருந்து வீட்டுச் சாவி. இந்த மூணு இடத்துலயும் எதிராளி வரலைன்னா என்ன பண்றதுன்னு வீட்டிலேயே எழுதி வச்சுக்கோங்க.

டிரைவர் விஷயத்தில் பள்ளிக்கிட்ட இன்னிக்கே கேட்டு வாங்க வேண்டியவை: டிரைவரோட கைத்தொலைபேசி எண், வண்டி எண், எந்த முனையத்துல எந்தக் கதவுல நிப்பார், நீங்க தங்கப்போற வீட்டு முகவரி சீன எழுத்துல. அதைக் காகிதத்தில் பெரிசா அச்சடிங்க. கைப்பேசியில வச்சிருக்கேன்னு சொல்லாதீங்க, மின்கலம் தீர்ந்துட்டா என்ன பண்ணுவீங்க?

மூலச் சான்றிதழ்கள், வேலை அனுமதி அறிவிப்புத் தாள், ஒப்பந்தம், கடப்பிதழ் அளவுப் படங்கள் எல்லாம் தோள்பையில. பெட்டியில போடவே கூடாது.

ஜோர்ஜ்டவுன் சுபா:

நான் ரெண்டு பிள்ளைங்களோட ஹாங்சோ போனவ. சேகர் அண்ணன் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. தூக்கம்.

வியாழன் காலையில எந்திரிச்சு, நாள் பூரா அலைஞ்சு, ராத்திரி விமானம் ஏறி, அஞ்சரை மணி நேரத்துல ஒரு சாப்பாடும் குடுத்து எழுப்பி விட்டுடுவாங்க. அந்தக் கண்ணோட வெள்ளிக்கிழமை 2 மணிக்குக் கூட்டத்துல போய் உட்காரப் போறீங்களா? பேரு சொல்லிச் சிரிக்கணும், இருபது பேர் பேரை நினைவு வச்சுக்கணும், ஏதோ படிவத்துல கையெழுத்துப் போடணும். பள்ளிக்கு எழுதி அன்னிக்கு விடுப்பு கேளுங்க. புதுசா சேர்றோமே, கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்க வேண்டாம். நல்ல பள்ளியா இருந்தா சரின்னுடுவாங்க.

முடிஞ்சா புதன்கிழமையே கேஎல் போய் விமான நிலையத்துக்குப் பக்கத்துல அறை எடுங்க. வியாழன் பகல் முழுக்கத் தூங்கிட்டு ராத்திரி கிளம்பலாம்.

ரவாங் குமார்:

ரெண்டு ராத்திரி அறைக்கு எவ்வளவு ஆகும் தெரியுமா? முதல் சம்பளம் வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும். பிள்ளை கையில இருக்கிற காசை எல்லாம் செலவு பண்ண வைக்காதீங்க. ஈடிஎஸ்ல வாங்க, நாலு மணி நேரம் தூங்கிக்கிட்டே வரலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து 28 நிமிஷம், 55 வெள்ளி. முடிஞ்சது.

ஜோர்ஜ்டவுன் சுபா:

ரெண்டு 23 கிலோ பெட்டியை ஈடிஎஸ்ல யார் தூக்கி வைப்பா குமார்? நீங்களா வர்றீங்க?

ரவாங் குமார்:

வரச் சொன்னா வர்றேன் 😄

பிறைப்பொண்ணு:

சேகர் அண்ணே, 000 விஷயத்துக்கு ரொம்ப நன்றி. இன்னிக்கு ராத்திரி தூங்கிடுவேன்.

சுபா அக்கா, பள்ளிக்கு எழுதிட்டேன். பதில் வந்தா சொல்றேன்.

ஆனா அப்பா வேன்ல பிடிவாதமா இருக்கார். "பொண்ணை ரயில்ல ஏத்தி விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்திருக்க நான் என்ன கல்லா?"ன்னு கேக்குறார். அம்மாவுக்கு வேற கவலை. வியாழக்கிழமை 1.30லிருந்து 3 வரைக்கும் ராகு காலம், அதனால 3 மணிக்கு மேலதான் கிளம்பணும்னு சொல்றாங்க. 3 மணிக்குக் கிளம்பி வியாழன் சாயங்காலம் கேஎல்லைக் கடக்குறதை நினைச்சாலே பயமா இருக்கு.

பத்து ஆராங் தாத்தா:

அம்மாகிட்ட மெதுவா ஒண்ணு சொல்லும்மா. நாள்காட்டியில் போட்டிருக்கும் 1.30 - 3 என்பது சூரியன் 6 மணிக்கு உதிக்கும் ஊருக்கு உரிய கணக்கு. பினாங்கில் ஆகஸ்டு மாதம் சூரியன் உதிப்பதே 7 மணிக்கு மேல். 1982 சனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள், அதிலிருந்து நமக்கு விடியலே தாமதம்தான். ராகு காலம் பகல் பொழுதை எட்டாகப் பிரித்துப் பார்ப்பது. வியாழனுக்கு ஆறாவது பங்கு. பினாங்கு உதயத்தை வைத்துப் போட்டால் ஏறக்குறைய 3லிருந்து 4.30 வரை வருகிறது. அம்மா சொல்லும் 3 மணிக்குக் கிளம்பினால் நேராக ராகுவின் மடியில் போய் உட்காருவீர்கள்.

பகல் 1 மணிக்கு முன்னால் வாசலைத் தாண்டிவிடுங்கள். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் குற்றமில்லை.

செந்தூல் மணியம்:

தாத்தா, ஐயர் தோத்தார் போங்க.

1 மணி சரியான நேரம். பிறையிலிருந்து கேஎல்ஐஏ ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கேஎல்ஐஏ இருக்கிற செப்பாங் கேஎல்லுக்குத் தெற்கே இருக்கிறதால ஊரைத் தாண்டித்தான் போகணும். தாப்பாவுல சாப்பிட நிறுத்தினாலும் இருட்டுறதுக்குள்ள வந்திடலாம். வேன் டிரைவர்கிட்ட ஒண்ணு சொல்லி வையி: திரும்பிப் போறதும் அவர்தான், ராத்திரி பூரா ஓட்டணும். இன்னொரு ஆள் ஓட்டுறவரா கூட இருக்கணும். கிளம்பிப் போற பிள்ளை அங்க பத்திரமா இறங்கி, வழியனுப்ப வந்தவங்க நெடுஞ்சாலையில தூங்கி விழுந்தா என்ன பிரயோஜனம்?

தைப்பிங் தேவி:

நான் இதுக்கு எதிர்க்கட்சி. வேன் வேண்டாம். வீட்டு வாசல்ல அழுது முடிச்சுட்டு தனியா ரயில் ஏறுங்க.

ஏன்னு கேட்டீங்கன்னா, விமான நிலையத்துல அந்தக் கடைசி மணி நேரம் உங்க மூளை தெளிவா இருக்கணும். பெட்டி எடை, அனுமதிச் சீட்டு, குடிநுழைவு வரிசை. அந்த நேரத்துல சித்தி பொண்ணு படம் எடுக்கணும்னு இழுப்பா, பாட்டிக்குக் கழிப்பறை தேடணும், மாமா "கவுண்டர்ல நான் பேசுறேன்"னு முன்னால போய் நிப்பார். நான் கிளம்பினப்ப எங்க வீட்டுல பதினைஞ்சு பேர். கடைசியில அம்மா முகத்தை ஒழுங்கா பார்க்கவே இல்ல.

பத்து ஆராங் தாத்தா:

தேவி, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் எங்கள் தலைமுறைக்கு விமான நிலையம் என்பதே வழியனுப்பும் இடம். சுபாங்கில் இருந்த காலத்திலும் இப்படித்தான், செப்பாங் 1998இல் வந்த பிறகும் இப்படித்தான். பிள்ளை கண்ணாடிக்கு அப்பால் மறையும் வரை நின்று பார்த்தால்தான் பெற்றவர்களுக்கு வீடு திரும்பத் தெம்பு வரும். அவர்கள் வரட்டும். ஆனால் கவுண்டர் வேலை முடியும் வரை யாரும் பிள்ளை பக்கத்தில் வரக்கூடாது என்று அப்பாவே ஒரு சட்டம் போட்டுவிடட்டும். அவர் சொன்னால் கேட்பார்கள்.

மட்டுறுத்துனர்:

ராகு காலம், குளிகை, எமகண்டம் விவாதத்தைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே 40 பதில்கள் ஆகிவிட்டன. இங்கே பயணம் மட்டும் பேசுவோம்.

தைப்பிங் தேவி:

சரி, வேலைக்கு ஆகிற ஒண்ணு சொல்றேன். பவர் பேங்க்.

நான் குவாங்சோவுல இறங்கி உள்நாட்டு விமானம் மாறித்தான் என் ஊருக்குப் போவேன். 2025 ஜூன் 28லிருந்து சீன உள்நாட்டு விமானத்துல 3சி (சீனத் தரச் சான்று) முத்திரை இல்லாத பவர் பேங்க் எடுத்துட்டுப் போக முடியாது. நம்ம ஊர்ல வாங்கினது பலதுல அந்த முத்திரை இருக்காது. என்னோட வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் கேஎல்லிருந்து ஒழுங்கா கொண்டுவந்துட்டார், குவாங்சோ பாதுகாப்புச் சோதனையில வாங்கிப் பறிமுதல் பெட்டியில போட்டுட்டாங்க. வெளியே வந்து டிரைவரைக் கூப்பிடக் கைப்பேசியில உயிர் இல்ல.

பிறைப்பொண்ணு, உங்களுக்கு உள்நாட்டு விமானம் இல்லாததால இது பொருந்தாது. ஆனா நம்ம ஊர் விமானங்கள்லயும் இப்போ பயணத்தின்போது பவர் பேங்க் போட்டு மின்னேற்ற விடாத நிறுவனங்கள் இருக்கு. அதனால கேஎல்ஐஏவுலயே முழுசா ஏத்திக்கிட்டு உள்ளே போங்க.

இன்னொண்ணு, உள்நாட்டு விமானம் மாறுறவங்க பெட்டி கடைசி ஊருக்கு நேரா போயிடும்னு நம்பிடக் கூடாது. முதல்ல இறங்குற ஊர்லயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட வேண்டி வரலாம். கவுண்டர்ல கேட்டுக்கோங்க. நடுவுல மூணு மணி நேரமாவது வச்சுக்கோங்க.

ஷார்ஜா சுந்தர்:

இங்க அமீரகம் வர்றவங்களுக்கு ஒரே வார்த்தை: கசகசா. பெட்டியில ஒரு சிட்டிகை கூட வேண்டாம். போதைப்பொருள் கணக்குல வரும்.

கிள்ளான் சேகர்:

சீனாவுக்கும் ஒரு பட்டியல் இருக்கு. இறைச்சி, பால் சாமான், பச்சைப் பழம், காய், விதை, மண்ணோட செடி எதுவும் கூடாது. அம்மா கறிவேப்பிலை கட்டிக் குடுத்தா வாங்கிக்கிட்டு கேஎல்ஐஏவுல சித்தி கையில குடுத்துடுங்க. மசாலாத் தூள் கடையில வாங்கின முத்திரை உடைக்காத பொட்டலமா இருந்தா நல்லது.

பணம் பத்தி யாரும் பேசலை. புடோங்ல இறங்கின முதல் மணி நேரத்துல காசுத்தாள் ஓரளவு வச்சிருங்க, ஆனா கடைக்காரர் சில்லறை தேடித் திண்டாடுவார். அலிப்பே (சீன மின்பணப்பை) செயலியைப் பிறையிலேயே இறக்கி, கடப்பிதழைப் பதிஞ்சு, வங்கி அட்டையை இணைச்சிடுங்க. 200 யுவான் வரைக்கும் கட்டணம் கிடையாது, அதுக்கு மேல போனா 3 விழுக்காடு பிடிக்கும். நம்ம டச் என் கோ மின்பணப்பையும் அலிப்பே வாங்குற பல கடையில வேலை செய்யும், முதல் வாரத்துக்கு அது பெரிய உதவி. வாடகைக்காரும் அலிப்பேக்குள்ளேயே கூப்பிடலாம், போற இடம் சீனத்துல போட்டிருந்தா பேச்சே தேவையில்ல.

நம்ம ஊர் சிம்மை ரோமிங்ல விட்டு வைங்க. ரோமிங் தரவுல வாட்ஸ்அப், கூகிள் ரெண்டும் ஓடும். பள்ளி வைஃபைக்கு மாறின நொடியே சீனத் தடையால நின்னுடும். வங்கி சரிபார்ப்பும் அந்த எண்ணுக்குத்தான் வரும். அம்மாவுக்கு வீசாட் போட்டுக் குடுத்துட்டுப் போங்க.

பிறைப்பொண்ணு:

டிரைவர் வரவே இல்லைன்னா நானே சுசோ போக வழி இருக்கா அண்ணே? சீனம் "நீ ஹாவ்" தாண்டி வராது.

கிள்ளான் சேகர்:

இருக்கு. புடோங் ஷாங்காயோட கிழக்குக் கோடி, சுசோ மேற்குப் பக்கம். அதனால முதல்ல ஊரைக் குறுக்கே கடந்து ஹோங்ச்சியாவ் ரயில் நிலையம் போகணும். 2024 டிசம்பர் 27ல திறந்த விமான நிலைய ரயில் இருக்கு, சுமார் 40 நிமிஷம், 26 யுவான். பழைய மெட்ரோ 2ஆம் தடத்துல போனா ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, நிக்கவும் வேண்டியிருக்கும். ஹோங்ச்சியாவிலிருந்து சுசோவுக்கு அதிவேக ரயில், ஏறக்குறைய அரை மணி.

கவனிக்க வேண்டியது, சுசோன்னு பேர் வர்ற நிலையம் ஒண்ணுக்கு மேல இருக்கு. சுசோ, சுசோ வடக்கு, தொழிற்பேட்டைன்னு தனித்தனி. உங்க வீட்டுக்கு எது பக்கம்னு பள்ளியிடம் கேட்டுக்கோங்க. பயணச்சீட்டு உங்க கடப்பிதழ் எண்ணுலதான் பதிவாகும். தானியங்கிக் கதவு உங்க கடப்பிதழைப் படிக்கலைன்னா ஓரமா ஆள் நிக்கிற கதவுக்குப் போங்க, எல்லா வெளிநாட்டுக்காரங்களும் அங்கதான் நிப்பாங்க.

புடோங்லிருந்து சுசோவுக்கு நேர் பேருந்தும் உண்டு. ரெண்டு பெட்டியோட இருக்கிறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பிறைப்பொண்ணு:

பள்ளி பதில் எழுதிட்டாங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர வேண்டாம், திங்கள் காலையில மருத்துவச் சோதனைக்கு வெறும் வயித்தோட வந்தா போதும்னு. சுபா அக்கா, உங்களுக்கு ஒரு தேத்தாரே டீ கடன்.

(இரண்டு வாரம் கழித்து)

பிறைப்பொண்ணு:

சுசோவிலிருந்து எழுதுறேன். கேட்ட எல்லாருக்கும் ஒழுங்கா சொல்லணும்னு சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்தேன்.

வேன்தான். தேவி அக்கா மன்னிக்கணும். 12.40க்கு வாசலைத் தாண்டியாச்சு, தாத்தா கணக்கை அப்பா பெருமையா எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். தாப்பா ஓய்வுத்தலத்துல புளிச்சாதம், அவிச்ச முட்டை, உருளைக்கிழங்கு. எனக்கு ஒரு வாய் இறங்கல. மாமா என் தட்டையும் சேர்த்து முடிச்சார்.

கேஎல்ஐஏ போனப்ப மணி ஏழு. கவுண்டர் திறக்கவே பத்து மணிக்கு மேல ஆகும்னு அங்க போனபிறகுதான் தெரிஞ்சுது. புறப்பாட்டு மாடியில ஒரு தூண் ஓரமா பாட்டியை நாற்காலியில உட்கார வச்சு, மத்தவங்க தரையில. அப்பா சட்டத்தை அறிவிச்சுட்டார்: கவுண்டர் வேலை முடியுற வரைக்கும் யாரும் இவ பக்கத்துல போகக்கூடாது. பாதி நேரம் அவரே என் பக்கத்துலதான் நின்னார்.

எடை போட்டா ஒரு பெட்டி 26 கிலோ. வரிசையை விட்டு விலகி அங்கேயே திறந்தேன். மேல இருந்தது அம்மா எனக்குத் தெரியாம வச்ச சின்ன மிக்ஸி, பழைய கைலி ரெண்டுல சுத்தி. அதுக்குள்ள ஜாடியில எலுமிச்சை ஊறுகாய். ஜாடி சித்திக்குப் போச்சு, ரெண்டு பாடப்புத்தகம் மாமாவுக்குப் போச்சு. மிக்ஸியை எடுக்க அம்மா விடல. புத்தகத்தை எல்லாம் அங்க வாங்கிக்கலாமாம்.

குடிநுழைவுக் கதவுக்கு முன்னால படம் எடுத்தோம். தேவி அக்கா சொன்னது மனசுல இருந்ததால முதல்ல அம்மாவைத் தனியா ஓரமா கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டேன். அது நல்ல யோசனை.

விமானத்துல தூங்கவே இல்ல. புடோங்ல கைரேகை இயந்திரம், வரிசை, குடிநுழைவு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். அதிகாரி அழைப்புத் தாளைக் கேட்டார், தோள்பையிலேயே இருந்தது. நேர வித்தியாசம் இல்லாததால உடம்புக்குப் பெரிசா ஒண்ணும் தெரியல.

டிரைவர் இல்ல. கதவுக்கு வெளியே பெயர்ப்பலகை பிடிச்சு நிக்கிறவங்க வரிசையில என் பேர் எங்கேயும் இல்ல. அரை மணி நேரம் நின்னேன். அப்புறம் சேகர் அண்ணன் சொன்ன காகிதத்தை எடுத்துத் தகவல் மேசையில குடுத்தேன். அந்தப் பொண்ணு வாசிச்சுப் பார்த்துட்டு, தன் தொலைபேசியிலேயே டிரைவரைக் கூப்பிட்டா. அவர் இன்னொரு முனையத்துல நின்னுக்கிட்டிருக்கார். பள்ளியில யாரோ முனைய எண்ணை மாத்திச் சொல்லியிருக்காங்க. இருபது நிமிஷத்துல வந்து, பெட்டியை வாங்கி வச்சு, ஒரு தண்ணீர் போத்தல் குடுத்தார். தண்ணி சூடா இருந்துச்சு. ஆகஸ்டு மாச வெயில்ல!

சுசோ போய்ச் சேர பதினொண்ணரை. சாவி காவலாளிகிட்ட இருந்தது, அதுக்கும் அதே காகிதம்தான். வீட்டுக்குள்ள கட்டில், மெத்தை, மேசை எல்லாம் இருக்கு. விரிப்பு, தலையணை கிடையாது. மிக்ஸியைச் சுத்தின கைலியில ஒண்ணை விரிச்சு இன்னொண்ணைப் போத்திப் படுத்துட்டேன். மூணு மணிக்குப் பள்ளி எழுத்தர் வந்து கதவைத் தட்டி எழுப்பி, காவல் நிலையப் பதிவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. விடுதியில தங்காதவங்க 24 மணி நேரத்துக்குள்ள பதியணும்ங்கிறதை அவங்க மறக்காதது நல்லது. அந்தப் பதிவுத் தாள் இல்லாம அடுத்த வேலை எதுவும் நகராதாம்.

விமான அனுமதிச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க. பயணச் செலவுக் கணக்குக்கு அதைத்தான் கேக்குறாங்க.

ஜோர்ஜ்டவுன் சுபா:

விரிப்பு இல்லாத வீடு எங்களுக்கும் நடந்தது! இனி கிளம்புறவங்க ஒரு மெல்லிய விரிப்பும் துண்டும் பெட்டி மேல வச்சிடுங்க. எத்தனையோ பட்டியல் போடுறோம், இதை யாரும் எழுதறதில்ல.

செந்தூல் மணியம்:

அது சரி, வேன் எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தது?

பிறைப்பொண்ணு:

விடியற்காலை அஞ்சரை, அண்ணே. நீங்க சொன்ன மாதிரி மாமாவும் அப்பாவும் மாத்தி மாத்தி ஓட்டியிருக்காங்க. நடுவுல ஒரு மணி நேரம் நிறுத்தித் தூங்கினாங்களாம்.

ரவாங் குமார்:

ஈடிஎஸ்ல போயிருந்தா இந்த 26 கிலோ கதையே வந்திருக்காது 😄

தைப்பிங் தேவி:

வந்திருக்கும் குமார், பெட்டியைத் திறந்து சாமானைக் குடுக்கத்தான் ஆள் இருந்திருக்காது. இந்த ஒரு விஷயத்துல வேன் கட்சிக்கு ஒரு புள்ளி குடுக்கிறேன். மத்தபடி என் கருத்து மாறல.

ஈப்போ வாணி:

நான் பிப்ரவரியில குவாங்சோ போறேன், அங்கிருந்து ரயில்ல மூணு மணி நேரம் உள்ளே. சீனப் பெருநாள் முடிஞ்ச வாரம். ரயில் சீட்டு இப்பவே எடுக்கலாமா? மிக்ஸி அங்க ஓடுதா?

கிள்ளான் சேகர்:

வாணி, ரயில் சீட்டு 15 நாளுக்கு முன்னாடிதான் திறக்கும். பெருநாள் முடிஞ்ச வாரம்னா ஊருக்குப் போன கூட்டம் மொத்தமும் திரும்புற வாரம், திறந்த நிமிஷத்துலேயே தீர்ந்துடும். பள்ளிக்காரங்களையே எடுத்துத் தரச் சொல்லுங்க, கடப்பிதழ் எண்ணை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாம அனுப்புங்க. இறங்குற நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க. அதுக்கு முன்னாடி இறங்கிட்டா நிலையத்துல உட்கார்ந்து சாப்பிடலாம்.

பிறைப்பொண்ணு:

மிக்ஸி ஓடுது. இங்க 220 வோல்ட், நம்ம ஊரைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால கொஞ்சம் மெதுவா அரைக்குது. நம்ம மூணு சதுரமுள் பிளக் இங்க நுழையாது, மாத்திப் போடுற பிளக் ரெண்டு வாங்கிட்டு வாங்க. ஒண்ணு தோள்பையில இருக்கட்டும்.